பென்சில் படாத பத்தி

திண்டுக்கல் கடைவீதியில் அந்தக் காலத்தில் ‘கம்பவுண்டரே’ என்று கூப்பிட்டால் நாலைந்து பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். ‘ஆராய்ச்சிக் கம்பவுண்டரே’ என்று கூப்பிட்டால் ஸ்தனிஸ்லாஸ் ஒருவர்தான் திரும்புவார். பெயர் வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவரோ அதைக் காலேஜில் வாங்கிய பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தார்.

ஒரு தனியார் டாக்டரிடம் அவருக்கு வேலை. மிக்சர் கலக்க வேண்டும், பொடி மடிக்க வேண்டும், ஊசியைக் கொதிக்க வைக்க வேண்டும், மருந்துப் பாட்டிலின் முதுகில் வேளைக்கு வேளை அளவு காட்டும் காகிதத்தைப் பல்பல்லாக வெட்டி ஒட்ட வேண்டும். டாக்டருக்குத் தபாலில் வைத்தியப் பத்திரிகைகள் வரும். சந்தா கட்டும் ஆசை டாக்டருக்கு இருந்தது, படிக்க நேரம் இல்லை. உறை பிரிக்காமலே பீரோவின் தலையில் எறிந்துவிடுவார். நண்பகலிலிருந்து நாலு மணிவரை டிஸ்பென்சரி கதவு சாத்தியிருக்கும். அந்த நேரத்தில் ஸ்தனிஸ்லாஸ் பீரோவுக்கு ஸ்டூல் போட்டு ஏறுவார்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த இங்கிலீஷ். மீதிக்கு அட்டை கிழிந்த அகராதி ஒன்று. காதில் செருகிய பென்சிலோடு உட்கார்ந்தால் நாலு பக்கம் தாண்டுவதற்குள் நாலு மணி அடித்துவிடும். புரிந்த வரிக்கு ஒரு கோடு போடுவார், மனசுக்குப் பிடித்த வரிக்கு இரண்டு. புரியாததையும் பிடிக்காததையும் தாண்டிப் போய்விடுவார். படிக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். இவர் பென்சிலால் செய்தார், அவ்வளவுதான்.

படித்ததை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். ஐம்பத்துநாலிலோ ஐந்திலோ, புகை குடிப்பவர்களுக்கு நெஞ்சில் புற்று வருகிறது என்று சீமையில் ஆயிரக்கணக்கான பேரைக் கணக்கெடுத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று வாசித்தார். அதைத் திண்டுக்கல்லில், அதுவும் டீக்கடை பெஞ்சில், அதுவும் சுருட்டுக் கடை உடையப்பனிடம் போய்ச் சொன்னால் என்ன ஆகும்? ஊரில் பாதி வீட்டில் உலை கொதித்ததே சுருட்டால்.

“கம்பவுண்டரே, எங்கப்பாரு பத்து வயசுல குடிக்க ஆரம்பிச்சாரு. எம்பத்திரண்டுல கெணத்துல விழுந்து செத்தாரு,” என்றார் உடையப்பன் புகையை விட்டபடி. “இதுக்கு என்ன ஆராய்ச்சி சொல்றீரு?”

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ஸ்தனிஸ்லாஸும் சிரித்துவிட்டு எழுந்து வந்தார். அவருக்கு இது பழக்கம். தெரிந்திருந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் எழுந்து வருவது அப்போதே அவருக்குப் பழகிவிட்டிருந்தது.

பேகம்பூர் ஓரத்தில் வரிசையாக ஓட்டு வீடுகள். காற்று திரும்பினால் தோல் பதனிடும் ஷாப்பின் வாடை சமையல்கட்டு வரை வரும். அதில் ஒன்றில் ஸ்தனிஸ்லாஸும் மனைவி ரோசலினும் இருந்தார்கள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், பிள்ளை இல்லை. பக்கத்து வீட்டில் தோல் ஷாப்பில் வேலை பார்க்கும் மீரான், அவன் மனைவி ஜெய்தூன் பீவி, இரண்டு குழந்தைகள், மீரானின் தாயார். இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் மார்பளவு சுவர் ஒன்று. ஆண்கள் இரண்டு பேரும் தெருவில் பார்த்தால் தலையாட்டிக்கொள்வதோடு சரி. உறவெல்லாம் அந்தச் சுவர் வழியாகத்தான் நடந்தது.

ஜெய்தூனிடம் ஈயம் பூசிய ஒரு பித்தளைத் தூக்குச்சட்டி உண்டு. நோன்புக் கஞ்சி, நெய்ச்சோறு, கறி ஆணம் எல்லாம் அதில்தான் சுவர் ஏறி வரும். வெள்ளிக்கிழமை மட்டும் கறி வராது. வேதக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை கவிச்சி ஆகாது என்று தெரிந்து வட்டலப்பமோ பருப்பு வெஞ்சனமோ வரும். தூக்கை அப்படியே கழுவித் திருப்பிவிட முடியாது. வந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது இரண்டு வீட்டுக்கும் பொதுவான சட்டம். கைப்பிடி முருங்கைக்கீரை, நத்தத்து மாம்பழம் ஒன்று, ஒன்றுமே இல்லாவிட்டால் நாலு கல் உப்பு. எதையாவது போட்டுத்தான் ரோசலின் திருப்பிக் கொடுப்பாள்.

ஐம்பத்தொன்பது கார்த்திகையில் ரோசலினுக்கு இருமல் வந்தது. மிக்சர் கலக்கிக் கொடுத்தார் ஸ்தனிஸ்லாஸ். போகவில்லை. மார்கழியில் ஒருநாள் காலை துப்பியதில் சிவப்பு தெரிந்தது. மதுரைக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். நுரையீரலில் வலது பக்கம் மேலே ஓட்டை விழுந்திருந்தது.

“சானடோரியத்துல பேரு எழுதிப் போடுப்பா,” என்றார் டிஸ்பென்சரி டாக்டர், படத்தைப் பார்த்துவிட்டு. “பெட்டு கெடைக்க ஆறு மாசம் ஆகும், ஏழு மாசமும் ஆகும். அதுவரைக்கும் பால், முட்டை, நல்ல காத்து.”

எழுதிப் போட்டார். யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் காசம் வெளியே சொல்லக்கூடிய வியாதி இல்லை. எந்த ஜாதியில், எந்த மதத்தில் என்று பார்க்க வேண்டாம், எல்லா வீட்டிலும் ஒரே நியாயம்தான். இருமுகிற மருமகளைப் பெட்டியோடு தாய்வீட்டுக்கு வண்டி ஏற்றிவிடுவார்கள், அதோடு சரி. மீரானின் அண்ணன் மனைவி அப்படித்தான் நத்தத்துக்குப் போனவள், திரும்பவில்லை. ரோசலினுக்குத் தாய்வீடும் இல்லை. சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருமக் கற்றுக்கொண்டாள்.

அறுபதாம் வருஷம் பங்குனியில் ஒரு மத்தியானம். பீரோவின் தலையிலிருந்து எடுத்த பத்திரிகையைப் பிரித்த ஸ்தனிஸ்லாஸ், வழக்கமாக நாலு பக்கம் தாண்டாதவர், ஒரே கட்டுரையை மூன்று தடவை படித்தார். படித்துவிட்டுக் கதவைப் பூட்டாமல் வீட்டுக்கு ஓடினார்.

“இங்க பாரு ரோசலினு, மதராசுல பாத்திருக்காக. வீட்டுல வச்சு மாத்திரை குடுத்தாலே போதுமாம்.”

“யாரு பாத்தது?”

“டாக்டருமாருக. ஒரு வருசம் வச்சுப் பாத்திருக்காக. சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி பிரிச்சு, பாதிப் பேர சானடோரியத்துல சேத்துட்டாக, பாதிப் பேர வீட்டுலயே விட்டுட்டாக. கடைசில பாத்தா ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான் கொணமாயிருக்கு.”

“வீட்டுல இருந்தவுக பாலும் முட்டையும் தின்னுருப்பாக.”

“இல்லங்கிறேன். அவுக சாப்பாடுதான் மட்டமாம். நம்மள மாதிரி எடமும் நெருக்கம். சில பேரு வேலைக்கே போயிருக்காக. வேல செஞ்சது அம்புட்டும் மாத்திரைதான். கூட இருந்தவுகளுக்கும் அதனால சாஸ்தியா ஒண்ணும் ஒட்டலையாம்.”

ரோசலின் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். “அப்ப நான் போக வேணாம்,” என்றாள்.

“போக வேணாம்.”

அந்தக் கட்டுரையில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இரட்டைக் கோடாக இருக்கும். இத்தனை வருஷம் சீமையில் யாரையோ கணக்கெடுத்து, யாருக்கோ சொன்ன செய்திகளைப் படித்துப் படித்து டீக்கடையில் அவமானப்பட்ட மனிதருக்கு, முதல் தடவையாக அவரைப் போன்றவர்களைப் பார்த்து, அவரைப் போன்றவர்களுக்குச் சொன்ன செய்தி கிடைத்தது. அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கோவிலுக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு வந்தார்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் ரோசலின் பெயருக்குச் சீட்டுப் போட்டு மாதாமாதம் மாத்திரை வாங்கினார். சின்ன வெள்ளை மாத்திரை கொஞ்சம், பெரிய மாத்திரை ஒரு கைப்பிடி. பெரியதைத் தின்றால் வயிற்றைப் புரட்டும் என்பதால் காலையில் கஞ்சி குடித்து ஆறின பிறகு, பத்து மணி வாக்கில் சாப்பிட வேண்டும். அப்போது ஸ்தனிஸ்லாஸ் டிஸ்பென்சரியில் இருப்பார். சாயந்திரம் வந்ததும் “சாப்டியா” என்று கேட்பார். “சாப்டேன்” என்பாள். கேள்வியும் பதிலும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிற மாதிரியேதான் இருக்கும்.

ஆனியில் சானடோரியத்திலிருந்து கார்டு வந்துவிட்டது. பெட்டு காலி, பத்து நாளைக்குள் வந்து சேரவும். அதற்குள் ரோசலினுக்கு இருமல் பாதி குறைந்து, கன்னத்தில் சதை பிடித்திருந்தது. ஸ்தனிஸ்லாஸ் கார்டை டாக்டரிடம் காட்டினார்.

“போகலங்கிறியா? யோசிச்சுச் செய்யி. இத விட்டா மறுபடி வரிசையில கடைசிக்குப் போயிருவ.”

“ஆராய்ச்சில தெளிவாப் போட்டிருக்குங்கய்யா.”

டாக்டர் கார்டைத் திருப்பிக் கொடுத்தார். பீரோ தலையில் கிடந்த பத்திரிகைக் கட்டை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். ஸ்தனிஸ்லாஸ் முத்து முத்தாக எழுதினார்: தங்கள் கிருபைக்கு நன்றி, என் மனைவிக்கு வீட்டிலேயே வைத்தியம் நடப்பதால் படுக்கை தேவைப்படவில்லை, வேறு யாருக்காவது கொடுக்கவும். கடைசி வரியை எழுதும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

புரட்டாசி வரைக்கும் எல்லாம் நன்றாகவே நடந்தது. சளியைச் சோதித்ததில் கிருமி இல்லை என்றார்கள். ரோசலின் ஞாயிறு பூசைக்கு நடந்தே போய்வந்தாள். வேறு விஷயமாக இருந்தால் ஸ்தனிஸ்லாஸ் உடையப்பன் கடை வாசலில் நின்று தண்டோரா போட்டிருப்பார். பாவம், வாயைத் திறக்க முடியாத இடத்தில் ஜெயித்திருந்தார்.

தை மாதம் சாயந்திரக் காய்ச்சல் வந்தது. பிறகு இருமல். பிறகு சிவப்பு. படம் எடுத்தால், வலது பக்க ஓட்டை பெரிதாகி இடது பக்கமும் மங்கலாகத் தெரிந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார். “மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாங்களா?”

“ஒருநாள் தவறலைங்க.”

“நீங்க பாத்தீங்களா?”

“என் சம்சாரம் பொய் சொல்ல மாட்டாங்க.”

“அரைகுறையாச் சாப்பிட்டா கிருமி மருந்துக்குப் பழகிரும். பழகிட்டா அப்புறம் என்ன கொடுத்தாலும் எடுக்காது. அதுக்குத்தான் கேட்டேன்.” டாக்டர் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி எழுதிக் கொடுத்தார். மாத்திரையையும் நிறுத்தாமல் சாப்பிடச் சொன்னார்.

ஊசியை ஸ்தனிஸ்லாஸே தினமும் மத்தியானம் வந்து போட்டார். ஒரு மாதத்தில் அந்த ஊசியாலேயே ரோசலினுக்குக் காதில் இரைச்சல் கேட்க ஆரம்பித்தது. நடந்தால் தலை சுற்றியது, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கொல்லைக்குப் போனாள். இருமல் மட்டும் அப்படியே இருந்தது. ஸ்தனிஸ்லாஸ் பத்திரிகையை எடுத்து இரட்டைக் கோடுகளைத் திரும்பத் திரும்பப் படித்தார். கோடு போட்ட வரிகள் எல்லாம் போன வருஷம் சொன்னதையேதான் சொல்லின. மதராஸில் குணமானவர்கள் குணமாகியிருந்தார்கள். தன் வீட்டில் மட்டும் ஏன் ஆகவில்லை என்று அதில் எழுதியிருக்கவில்லை.

அந்த வருஷம் நோன்பும் தவக்காலமும் சேர்ந்தே வந்தன. சுவரின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பட்டினி. ஒரு நாள் டிஸ்பென்சரியில் கூட்டம் இல்லாததால் ஸ்தனிஸ்லாஸ் பதினோரு மணிக்கே ஊசியோடு வந்துவிட்டார். ரோசலின் சமையல்கட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். காது மந்தமாகிவிட்டதால் அவர் வந்தது தெரியவில்லை. முந்தின நாள் கஞ்சி வந்த தூக்குச்சட்டி கழுவித் துடைத்து முன்னால் இருந்தது. அவள் ஒரு காகிதப் பொட்டலத்தை அதில் வைத்து, மேலே முருங்கைக்கீரையைப் போட்டு மூடினாள்.

அவர் முன்னால் போய் நின்று தூக்கைத் திறந்தார். பொட்டலத்தைப் பிரித்தார். சின்ன வெள்ளை மாத்திரை கொஞ்சம், பெரிய மாத்திரை ஒரு கைப்பிடி.

“என்ன இது?” உரக்கத்தான் கேட்க வேண்டியிருந்தது. காது கேட்காதவளிடம் மெதுவாகக் கோபப்பட முடியாது.

ரோசலின் மறைக்கவில்லை. “ஜெய்தூனுக்கு,” என்றாள்.

“அவளுக்கு எதுக்கு?”

“அவளும் இருமுறாளே. என் இருமலு மாதிரியேதான். சேலைய வாயில அடச்சுக்கிட்டு இருமுறது எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிக்குப் போனா மாமியாளுக்குத் தெரிஞ்சு போகும். மூத்தவளத் தொரத்துன மாதிரி இவளயும் தொரத்திருவாக.”

“எத்தன நாளா?”

“போன ஆடிலருந்து. ஒருநா என் பங்கு நான் சாப்புடுவேன், மறுநா பங்கு அவளுக்கு. அன்னைக்கு ஒருநா ஏனம் வந்துச்சு, வீட்டுல திருப்பிப் போட ஒண்ணுமில்ல. உப்புகூட இல்ல. வெறும் ஏனத்தக் குடுக்க முடியுமா? இதுதான் இருந்துச்சு. அப்பறம் நிறுத்த முடியல.”

ஸ்தனிஸ்லாஸின் கை உயர்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து உயராத கை. பாதியில் நின்று, எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் தலையிலேயே இறங்கியது.

“ஏண்டி, உசுரு மருந்த இப்படிப் பங்கு வைப்பாகளா?”

“நீங்கதான சொன்னீக, வீட்டுல வச்சே கொணமாயிரும்னு,” என்றாள் ரோசலின். சண்டைக்குச் சொல்லவில்லை. அவர் மறந்துவிட்டதை நினைவுபடுத்துகிற மாதிரித்தான் சொன்னாள். “அவளும் வீட்டுலதான இருக்கா. அவளுக்கு ரெண்டு புள்ளைக. நான் போனா நீங்க ஒரு ஆளு. அவ போனா ரெண்டு புள்ளைகளும் நடுத்தெருவுல நிக்கும். எனக்குத்தான் நல்லாயிருச்சுன்னு நெனச்சேன். பாதி போதும்னு தோணுச்சு.”

அவர் பொட்டலத்தைத் திரும்ப மடித்தார். ஊசியைப் போட்டார்.

மத்தியானம் டிஸ்பென்சரிக்குப் போய் அந்தக் கட்டுரையை முதல் வரியிலிருந்து எடுத்தார். இந்தத் தடவை கோடு போட்ட வரிகளை விட்டுவிட்டு, கோடு போடாதவற்றைப் படித்தார். மூன்றாம் பக்கத்தில், இரண்டு இரட்டைக் கோட்டுப் பத்திகளுக்கு நடுவில், பென்சில் படாத பத்தி ஒன்று இருந்தது. போன வருஷமும் அதைப் படித்தது அவருக்கு நினைவு வந்தது. புரியாமல் தாண்டவில்லை. பிடிக்காமல்தான் தாண்டினார். வீட்டில் இருந்த நோயாளிகள் மாத்திரையைச் சாப்பிடுகிறார்களா என்று தெரிந்துகொள்ள, சொல்லாமல் கொள்ளாமல் திடீரென்று வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணியிருக்கிறார்கள். மூத்திரத்தை வாங்கிச் சோதித்திருக்கிறார்கள். மருந்து உள்ளே போயிருந்தால் நிறம் மாறும். போகாவிட்டால் மாறாது.

இது பொய் சொல்கிறவர்களுக்கு வைத்த சோதனை என்று அன்றைக்கு நினைத்தார். தன் வீட்டுக்கு இது எதற்கு? கட்டின மனைவியிடம் போய், நீ மாத்திரை சாப்பிட்டாயா பார்க்க வேண்டும், ஒரு பாட்டிலில் மூத்திரம் பிடித்துக் கொடு என்று எந்த ஆண்பிள்ளை கேட்பான்? கேட்டால் அவள் என்ன நினைப்பாள்? அதற்கு வேண்டிய ஃபெரிக் குளோரைடு அவர் தலைக்கு மேலே இரண்டாவது தட்டில்தான் இருந்தது. மஞ்சள் சீசா. தினமும் அதன் மேல் தூசு தட்டுகிறவரும் அவர்தான். ஒரு சொட்டு விட்டிருந்தால் போதும். ஆடி மாதமே தெரிந்திருக்கும்.

மருந்து கொடுத்தது மட்டும் ஆராய்ச்சி இல்லை, போய்ப் பார்த்ததும் ஆராய்ச்சிதான் என்று அவருக்கு அன்று விளங்கியது. விளங்கி என்ன செய்வது? கோடு போட்டதால் பெட்டு வேண்டாம் என்றார். கோடு போடாததால் மனைவியை இழந்துகொண்டிருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். நாலு மணிக்கு டாக்டர் வந்தபோது முகத்தைக் கழுவிவிட்டு மிக்சர் கலக்கினார்.

அதன் பிறகு ரோசலின் முழு மாத்திரையும் அவர் கண் முன்னாலேயே சாப்பிட்டாள். பத்து மணிக்கு வீட்டுக்கு வர டாக்டரிடம் அனுமதி வாங்கியிருந்தார். மூத்திரத்தில் மஞ்சள் சீசாவிலிருந்து ஒரு சொட்டு விட்டுச் சோதித்தார், நிறம் அழகாக மாறியது. மருந்து உள்ளே போயிற்று. கிருமிதான் பழகிவிட்டிருந்தது. சானடோரியத்துக்கு மறுபடி எழுதினார். வரிசையில் கடைசியாகத் தங்கள் பெயர் பதியப்பட்டது என்று அச்சடித்த கார்டு வந்தது. மதுரையில் ஒரு பெரிய டாக்டரைப் போய்ப் பார்த்தார். வேறு மருந்துகள் வந்திருக்கின்றன, இங்கே கிடைப்பதில்லை என்றார் அவர். ஸ்தனிஸ்லாஸுக்கு அந்த மருந்துகளின் பெயரெல்லாம் தெரியும். பத்திரிகையில் படித்திருக்கிறார்.

ஜெய்தூனுக்கு மாத்திரை போவது நின்றது. அதை நிறுத்தியவரும் அவர்தான், நிறுத்தியது சரி என்று ஒருநாளும் அவரால் நினைக்க முடியவில்லை. மீரானிடம் சொல்லிவிடலாமா என்று, அவன் வேலை விட்டு வரும் நேரத்தில், இரண்டு தடவை தெருமுனை வரை போனார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருமுகிறவளை எல்லோரும் அறிய இருமவைப்பதற்குத் தனக்கு என்ன அதிகாரம் என்று திரும்பி வந்தார்.

“அவகிட்டக் கோவிச்சுக்காதீக,” என்றாள் ரோசலின் ஒருநாள். குரல் காற்றாகத்தான் வந்தது. “அவ கேக்கல. நானாக் குடுத்தது.”

“கோவமில்ல.”

“மீரானுக்குத் தெரிய வேணாம்.”

“தெரியாது.”

ஐப்பசி பிறந்த நாலாம் நாள் விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் ரோசலின் இறந்தாள். கோவில் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெய் பூசியிருந்தார். கல்லறைத் தோட்டத்துக்கு உடையப்பன்கூட வந்திருந்தார். சுருட்டைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அது அவர் காட்டிய மரியாதை. வீட்டு வாசலில் பெண்களோடு நின்று அழுத ஜெய்தூனை உள்ளே வர மாமியார் விடவில்லை.

எட்டு நாள் கழித்துச் சமையல்கட்டைக் கழுவும்போது அலமாரியின் கீழ்த்தட்டில் அந்தத் தூக்குச்சட்டி இருந்தது. ரோசலினுக்காக ஜெய்தூன் கடைசியாகக் கஞ்சி அனுப்பிய தூக்கு. திருப்பாமல் தங்கிவிட்டது.

ஸ்தனிஸ்லாஸ் அதை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வெறுமையாகத் திருப்ப முடியாது. வீட்டில் உப்பு இருந்தது, புளி இருந்தது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற இருமலுக்கு உப்பும் புளியும் என்ன செய்யும்? மிச்சமிருந்த மாத்திரைகள் டப்பாவில் இருந்தன. அதைப் போட்டால் மறுபடி அதே தப்பு. கடைசியில் டிஸ்பென்சரிக்குப் போய், வாய் அகன்ற கண்ணாடி சீசா ஒன்றைக் கொண்டுவந்து தூக்குக்குள் வைத்தார். சளி பிடிக்கும் சீசா. சொந்த மனைவியிடம் மூத்திரம் கேட்கக் கூச்சப்பட்டவர், அடுத்த வீட்டுப் பெண்ணிடம் சளி கேட்கத் துணிந்தார்.

சுவர் ஓரம் ஜெய்தூன் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவர் அவளோடு நேரே பேசியது அன்றுதான்.

“தங்கச்சி, இந்தாங்க, உங்க ஏனம்.”

அவள் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். உள்ளே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. “அக்கா பங்க நான் தின்னுட்டேண்ணே,” என்றாள்.

“அதப் பேச வேணாம். நாளைக்குக் காலைல எந்திரிச்சதும் இதுல துப்பி, இறுக்க மூடி, ஏனத்துல வச்சுச் சுவர் மேல வச்சிருங்க. உங்க பேரு சொல்ல மாட்டேன். நானே கொண்டுபோய்ச் சோதிச்சுட்டு வாரேன். கிருமி இருக்குன்னா முழு மருந்தும் வாங்கித் தரப் பாக்குறேன். பாதி மருந்து கொல்லும் தங்கச்சி. நான் கண்ணால பாத்துட்டேன்.”

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் கேட்டது. ஜெய்தூன் தூக்கைச் சேலைக்குள் மறைத்தாள். “சரிண்ணே,” என்றாள்.

மறுநாள் விடிந்ததும் ஸ்தனிஸ்லாஸ் கொல்லைக்குப் போனார். தூக்கு சுவர் மேல் இருந்தது. கனமாகவும் இருந்தது. அவருக்கு மூச்சே வந்தது அப்போதுதான். அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, ஒரு தடவை திறந்து பார்த்தார்.

சீசா வெந்நீரில் கழுவிப் பளபளவென்று இருந்தது. கழுத்து வரை சீனி நிரப்பி, மூடியை இறுக்கி மூடியிருந்தது.

அவர் சொன்னது அவளுக்குப் புரியாமல் இல்லை. அவருக்கும் இது புரிந்தது. ஏனம் வெறுமையாகத் திரும்பவில்லை, மரியாதை குறையவில்லை, ரோசலின் பங்கைத் தின்றவள் இந்த வீட்டு மருந்தில் இனி ஒரு துளியும் வாங்கிக்கொள்வதாக இல்லை. “தங்கச்சி,” என்று சுவரைப் பார்த்து ஒருமுறை கூப்பிட்டார். கொல்லைக் கதவு உள்ளேயிருந்து மெதுவாகச் சாத்தப்பட்டது.

ஸ்தனிஸ்லாஸ் சீசாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் அவள் இருமினாள். வாயில் துணியை அடைத்துக்கொண்டு இருமுகிற இருமல். அது எப்படிக் கேட்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.